கருப்பட்டியின் எடை

பாம்பு இளைத்திருக்கிறதா கொழுத்திருக்கிறதா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மனிதருக்குப் போல அதற்குக் கன்னம் ஒட்டிப்போவதில்லை. நடுமுதுகில் விரலை வைத்து, தலையிலிருந்து வால் வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும்.

மேடம், நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். எது ஆரம்பம் என்று யோசித்தால் எனக்கு இதுதான் முதலில் வருகிறது. சம்பந்தமில்லாமல் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

என் பெயர் கற்பகவல்லி. வயது ஐம்பத்திரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். இறந்துபோன கண்ணுச்சாமி என் கணவர். எனக்கு ஒரே மகள், சினேகா. புகார் கொடுத்திருப்பதும் அவள்தான். அவள் செய்தது சரி.

சினேகா சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் டிசைனராக இருந்தபோது அந்தப் பாம்பை வாங்கினாள். வெளிநாட்டு மலைப்பாம்பில் ஒரு குட்டை வகை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும். விஷம் கிடையாது. வனத்துறையில் பதிவு செய்த தாள், பீரோவில் இடது பக்கம் இருக்கிறது. உடம்பு கருப்பும் பழுப்புமாகக் கலந்து இருந்ததால் கருப்பட்டி என்று பெயர் வைத்தாள். என் கணவர் முதலில் வீட்டுக்குள் விடமாட்டேன் என்றார். தீனி இல்லாமல் மாதக்கணக்கில் கிடக்கும் என்று மகள் சொன்னதும் சம்மதித்துவிட்டார். குறைவாகத் தின்கிற எதையும் அவருக்குப் பிடிக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆனி மாதம், மக்காச்சோளக் காட்டில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் நன்றாக இருந்தது. இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அவர் எடை எண்பத்து நான்கு கிலோ. அவர் உயரத்துக்கு அது அதிகம், சர்க்கரையும் இருக்கிறது, எழுபதுக்குக் கொண்டுவந்தால் புரட்டிப் படுக்கவைக்க லேசாக இருக்கும், முதுகில் புண் வராது என்று டாக்டர் சொன்னார். இதை நீங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். நான் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கியது அவர் சொல்லித்தான்.

ஆவணியில் சினேகாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. அட்டைப்பெட்டி அச்சடிக்கிற கம்பெனி. தங்குகிற விடுதியில் பாம்பு வைத்துக்கொள்ள முடியாது. போவதற்கு முன்னால் ஒரு வாரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். இரை கொடுப்பதற்கு முந்தின நாள் எடை போட வேண்டும், கொடுத்த பிறகு போட்டால் தப்பாகக் காட்டும். பாம்பைப் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, தராசில் வைத்து, டப்பாவின் எடையைக் கழிக்க வேண்டும். எண் மட்டும் போதாது, கையால் பார்க்க வேண்டும். முதுகெலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும், ஆனால் குத்தக் கூடாது. கத்தி மாதிரி தூக்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் சரிந்து இருந்தால் பட்டினி. முதுகு நடுவில் பள்ளம் விழுந்து, செதிலுக்கும் செதிலுக்கும் இடையில் தோல் தெரிந்தால் கொழுப்பு. வளையும்போது மடிப்பு விழுந்தாலும் கொழுப்புதான். இரண்டுக்கும் நடுவில், மேலே லேசாகக் குவிந்து பக்கவாட்டில் உருண்டு இருப்பதுதான் ஆரோக்கியம்.

"அது எப்பப் பாத்தாலும் பசிச்ச மாதிரிதான் பாக்கும்மா. நீ அதோட மூஞ்சியப் பாத்து ஏமாந்துராத. கை என்ன சொல்லுதோ அதைக் கேளு" என்றாள்.

நான் நல்ல மாணவி. ஒரே வாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எடையை இருபது கிராம் முன்பின்னாகச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். அவளுக்கே ஆச்சரியம்.

கண்ணாடித் தொட்டியை அவர் படுத்திருந்த அறையிலேயே வைத்தோம். அந்த அறையில்தான் காற்று வீசாது, சூடு நிற்கும். எனக்கும் இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்வது சௌகரியம். சினேகா பழைய கம்பெனியிலிருந்து கொண்டுவந்த டைரி ஒன்று இருந்தது. இடது பக்கத்தில் கருப்பட்டியின் எடையையும் வலது பக்கத்தில் அவருடைய எடையையும் எழுதிவைத்தேன். நீங்கள் கைப்பற்றியிருப்பது அதுதான். அதில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் சரியானது. ஒன்றைக்கூட மாற்றி எழுதவில்லை.

முதல் ஏழு மாதம் எந்தத் தப்பும் நடக்கவில்லை. வாரம் இரண்டு முறை உடற்பயிற்சி கொடுக்கச் சாத்தூரிலிருந்து சின்னச்சாமி என்கிற தம்பி வருவார். என் கணவரை எடை மெஷினில் நிறுத்திப் பிடித்துக்கொள்வார், நான் எண்ணைப் படிப்பேன். தீபாவளிக்கு எழுபத்தாறு. தை கடைசியில் எழுபது. டாக்டர் சொன்ன எண். சின்னச்சாமிக்கு அவ்வளவு சந்தோஷம். இனி சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே கூட்டியிருக்க வேண்டும். கூட்டவில்லை. மறு வாரம் சின்னச்சாமிக்குப் போன் செய்து, பயிற்சி எல்லாம் நானே கற்றுக்கொண்டேன், நீங்கள் அலைய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

காலையில் ஒரு டம்ளர் கேப்பைக்கூழ், மத்தியானம் ஒரு கிண்ணம் குழைந்த சோறு, ராத்திரி இரண்டு இட்லி. இதுதான் எழுபது கிலோவுக்குக் கொண்டுவந்த அளவு. மாசியில் இட்லியை ஒன்றாக்கினேன். சித்திரையில் கூழில் தண்ணீரைக் கூட்டினேன். ஒரேயடியாகக் குறைத்தால் உடம்பு திடுக்கிட்டுவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அதுவும் பழகிக்கொள்ளும். மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தினமும் உடம்பு துடைத்தேன், எண்ணெய் தடவினேன், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டேன். கடைசி நாள் வரைக்கும் அவர் முதுகில் ஒரு புண் கிடையாது. பிரேதப் பரிசோதனை செய்தவர்களே அதை எழுதியிருப்பார்கள்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் ஆறரைக்குள் பட்டாசுக் கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு சாயங்காலம் வரைக்கும் தெருவில் நாயும் கோழியும்தான். அவர் இடது கையால் கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தட்டுவார். விரலில் கல்யாண மோதிரம் இருந்ததால் சத்தம் நன்றாகக் கேட்கும். முதலில் தண்ணீருக்குத் தட்டினார், பிறகு சோற்றுக்குத் தட்டினார். வைகாசியில் மோதிரம் தொளதொளவென்று ஆகிவிட்டது. நூல் சுற்றிப் போட்டுப் பார்த்தேன், அப்படியும் கழன்று விழுந்தது. தொலைந்துவிடக் கூடாது என்று கழற்றி பீரோவில் வைத்தேன். அதற்குப் பிறகும் தட்டத்தான் செய்தார். வெறும் விரல் இரும்பில் பட்டால் சத்தம் வராது.

சுகாதார நிலையத்திலிருந்து மாதம் ஒருமுறை வள்ளித்தாய் வருவாள். விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பாள், கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பாள். ஒருதடவை பட்டை இன்னொரு சுற்று வந்தது. "கை ரொம்பச் சூம்பிப் போச்சேக்கா" என்றாள். விழுந்துபோன கை அப்படித்தானே ஆகும் என்றேன். ஆமாம் என்று தலையாட்டினாள். அதிலிருந்து நான் எப்போதும் அந்தக் கையைத்தான் போர்வைக்கு வெளியே எடுத்துக்கொடுப்பேன். சர்க்கரை அளவு மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. "அண்ணாச்சிய நீங்க பாத்துக்கிடுத மாதிரி யாரும் பாக்க மாட்டாகக்கா. மத்த வீட்டுல எல்லாம் சொன்னாக் கேக்கவா செய்றாக" என்று அவள் சொன்னாள். அந்த மாதிரி சொல்லிக் கேட்டால் யாருக்கும் நிறைவாகத்தான் இருக்கும்.

முகம்தான் கஷ்டம். நான் முதலில் எழுதியபடி, பாம்பிடம் அந்தப் பிரச்சினை இல்லை. ஆடியில் அவருக்குத் தாடி விட்டேன். எழுந்து நடந்ததும் இருக்கன்குடியில் முடி இறக்குவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். தாடி நன்றாக அடர்ந்து வந்தது. கன்னம் மறைந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் தாடியைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்கள். கழுத்து வரைக்கும் போர்வை. சினேகா போனில் முகம் பார்த்துப் பேசும்போது தலையணையை உயர்த்தி வைப்பேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எதிர்வீட்டுப் பாண்டிமீனா தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். அவளும் பட்டாசுக்குத்தான் போகிறாள், ஞாயிறு ஒருநாள்தான் வீட்டில் இருப்பாள். நான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். நான் வருவதற்குள் அவளே கரண்டியால் ஊட்டத் தொடங்கிவிட்டாள். அவர் குடித்த வேகத்தைப் பார்த்து அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாளி காலியான பிறகும் அவள் மணிக்கட்டை அவர் விடவில்லை.

"என்னக்கா, விட மாட்டேங்காக" என்றாள் பாண்டிமீனா.

நான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வெளியே அழைத்துப் போய், சூப் மாதிரி தண்ணியாக எதையும் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று டாக்டர் கண்டித்திருக்கிறார், உன் கையால் ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் உன்னால் தாங்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். பாவம், அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுவாள். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். அவளிடம் இதைத் தெரிவித்துவிடுங்கள்.

நான் மத்தியானம் அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தனியாகக் கிடக்கிறாரே, துணையாக இருக்கட்டும் என்றுதான். சாம்பார், ஒரு பொரியல், அப்பளம், தயிர். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். கருப்பட்டிக்கு இரை கொடுப்பதும் அங்கேயேதான். உறையவைத்த எலி மதுரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வரும். வெந்நீரில் போட்டு உருக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டினால் பாய்ந்து கவ்வும். முழுங்கி முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். அவர் கடைசி வரைக்கும் கண் எடுக்காமல் பார்ப்பார்.

மார்கழியில் அவர் எடை நாற்பத்து நான்குக்கு வந்துவிட்டது. சின்னச்சாமி நின்ற பிறகு, தாங்கிப் பிடித்து அவரை எடை போடுவதற்குத் திண்டாடிக்கொண்டிருந்தேன். இப்போது என்னாலேயே தூக்க முடிந்தது. காட்டுவேலை செய்த உடம்பு. அவரைக் கைகளில் ஏந்திக்கொண்டு மெஷினில் ஏறி நின்றேன். வந்த எண்ணில் என் எடையைக் கழித்தேன். கருப்பட்டிக்கு டப்பாவைக் கழிப்பதுபோலத்தான். முதல் தடவை தூக்கியபோது அவர் இடது கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். முப்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை. அன்று கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றேன். அதற்குப் பிறகு கீழே இறக்கி, எண்ணை எழுதினேன். மறுநாள் மத்தியானச் சோற்றை நிறுத்திவிட்டு வடிகஞ்சி மட்டும் கொடுத்தேன்.

தப்பு செய்தது கருப்பட்டி விஷயத்தில்தான். அதற்குக் கொடுக்கும்போது மட்டும் என் கை நிற்கவில்லை. மூன்று வாரத்துக்கு ஒரு எலி என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கினேன், பிறகு வாரம் ஒன்று. கேட்காமலே கொடுத்தேன். சினேகா விட்டுப்போனபோது ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது கிராம் இருந்தது. மாசியில் இரண்டாயிரத்து முந்நூறைத் தாண்டிவிட்டது. முதுகில் பள்ளம் விழுந்து, செதில் விலகி வெள்ளையாகத் தோல் தெரிந்தது. எனக்குத் தெரியாமல் இல்லை.

போனில் பார்த்தே சினேகா கண்டுபிடித்துவிட்டாள். கேமராவைக் கிட்டக் கொண்டுபோகச் சொன்னாள், வளையவிட்டுக் காட்டச் சொன்னாள். இரண்டு நாளில் லீவு போட்டுவிட்டு வந்துவிட்டாள். அதற்கு முன் சித்திரையில் வந்தபோது அவர் அறுபத்தொன்று, டாக்டர் சொன்னபடி இளைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். தீபாவளிக்கு வந்தவள் காலையில் வந்து சாயங்காலம் பஸ் ஏறினாள், மழை நாள், அவர் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இந்த முறை வந்ததும் பையைக்கூட இறக்கிவைக்காமல் தொட்டியைத் திறந்தாள். கருப்பட்டியை மடியில் போட்டு, கழுத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டு போனாள்.

"இம்புட்டுத் தீனி குடுத்தா ஈரல்ல கொழுப்பு அடச்சிச் செத்துப்போகும்மா. உனக்குத்தான் நல்லாத் தெரியுமே, பெறகு ஏன் குடுத்த?"

பசியோடு பார்த்தது, மனசு கேட்கவில்லை என்றேன்.

கையைக் கழுவிவிட்டு அப்பாவிடம் போனாள். தாடியைத் தடவிக்கொடுத்தாள். அவர் இடது கையால் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். எழுந்து உட்கார ஆசைப்படுகிறார் என்று நினைத்து, தூக்குவதற்காக முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

அவள் கை நின்றுவிட்டது.

நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவரைத் தூக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்து, சட்டைக்குள் கையை விட்டு, கழுத்துக்குக் கீழே தொடங்கி ஒவ்வொரு எலும்பாக இறங்கினாள். அந்த விரல் போன விதம் எனக்குத் தெரியும். இடுப்பு வரைக்கும் போய், மறுபடி மேலே வந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"அம்மா, அப்பாவ எப்ப எடை பாத்த?"

"வியாழக்கிழம."

"எம்புட்டு?"

"முப்பத்து மூணு கிலோ முந்நூறு."

பொய் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. டைரியை அவளே எடுத்தாள். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். இடது பக்கம் ஏறிக்கொண்டே போவதும் வலது பக்கம் இறங்கிக்கொண்டே வருவதும் படிக்கத் தெரிந்த யாருக்கும் விளங்கும். பிறகு 108-க்குப் போன் செய்தாள். வண்டி வருகிற வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் தொடவில்லை.

விருதுநகரில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள் இருந்தார். குழாய் வழியாக ஆகாரம் கொடுத்துப் பார்த்தார்கள், உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் போய்விட்டார்.

இனி நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் எழுதுகிறேன். என் கணவர் கண்ணுச்சாமி பக்கவாதத்தால் சாகவில்லை. நான் சோறு போடாததால் செத்தார். மறந்துபோய் விடவில்லை, இல்லாமையால் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அளந்துதான் கொடுத்தேன். எந்த நாளில் நிறுத்தினாலும் அவரைத் தேற்றியிருக்கலாம் என்று என் கைக்குத் தெரியும். யாரும் எனக்கு உதவவில்லை, யாருக்கும் தெரியாது.

நிலத்துக்காகச் செய்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். நிலம் எப்போதோ சினேகா பேருக்கு எழுதியாகிவிட்டது. கோபத்தில் செய்தேனா என்று கேட்டீர்கள். அவர் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை. சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும் என்பார், அவ்வளவுதான். நெல், அரிசி இருக்கிற அறைச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருக்கும். காலையில் அரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து கொடுத்துவிட்டுத்தான் காட்டுக்குப் போவார். நிறைய வீடுகளில் அப்படித்தான்.

கடைசியாக, பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று ஒரு கேள்வி கேட்டீர்கள். படிவத்தில் நிரப்ப வேண்டும் என்றீர்கள். இரண்டு என்று போட்டுக்கொள்ளுங்கள். சினேகாவுக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். ஐம்பத்தேழு நாள் இருந்தான். எனக்குப் பால் வற்றிவிட்டது. ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடச் சொல்லி இவரிடம் கேட்டேன். பிள்ளை பெத்தவளுக வயித்தக் காயப்போட்டாத்தான் உடம்பு இறுகும் என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் கேட்டதால்தான் எழுதினேன். அது இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய கதை, நான் எப்போதோ மறந்துவிட்டேன். பிறந்தபோது இரண்டு கிலோ எண்ணூறு. பதினைந்தாம் நாள் இரண்டு கிலோ அறுநூற்று ஐம்பது. முப்பதாம் நாள் இரண்டு கிலோ முந்நூறு. நாற்பத்தைந்தாம் நாள் இரண்டு கிலோ நூறு. கடைசிச் செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா தொங்குதராசில் போட்டுப் பார்த்தபோது, துணியைக் கழித்து, ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது.